தண்ணீருக்குள் திட்டினால் சபதம் முறியாது

பிப்ரவரி 9

அண்ணியின் கனிவான கவனத்திற்கு,

நான் கூப்பிட்டால் போனை எடுக்கமாட்டேன் என்கிறீர்கள். அண்ணனின் போனில் கூப்பிட்டால், "பாத்ரூம்ல இருக்கா" என்கிறான். ஒரு வாரமாகவா ஒரு மனுஷி பாத்ரூமிலேயே இருப்பாள்? அதனால்தான் கடிதம். தபால்காரருக்கு உங்கள் கோபம் தெரியாது, கொண்டுவந்து போட்டுவிடுவார்.

நான் அப்படி என்ன குற்றம் செய்துவிட்டேன்? அன்றைக்குச் சாப்பாட்டு மேசையில், நீங்களும் நானும் டிரையத்லானுக்குப் பேர் கொடுத்திருக்கிறோம் என்று சொன்னேன். அக்டோபரில் ஏரியில் இரண்டு கிலோமீட்டர் நீந்தி, கரையேறித் தொண்ணூறு கிலோமீட்டர் சைக்கிள் மிதித்து, இறங்கி இருபத்தொரு கிலோமீட்டர் ஓடப்போகிறோம் என்றேன். பொய்யா? பெருமையாகத்தானே சொன்னேன்? அதற்கு நீங்கள் சாப்பிட்ட கையோடு எழுந்து, "அந்த முடிவுக்கோட்டைத் தாண்டி முடிச்சுக் காட்டுற வரைக்கும் உன்கூட ஒரு வார்த்தை பேசமாட்டேன்" என்று சபதம் போட்டீர்கள். மறுநாள் நான் ஊருக்குக் கிளம்பினபோது வாசல்வரைகூட வரவில்லை.

ஸ்டேஷனில் உட்கார்ந்து ரயில் வருகிறது, போகிறது, தாமதமாகிறது என்று ஊருக்கே அறிவிப்பதுதான் எனக்கு வேலை. வீட்டில் பேரே "மைக்". அந்த மைக்கை நம்பி ரகசியத்தைக் கொடுத்தது யார் தப்பு?

பதில் போடுங்கள். நீங்கள் பேசாவிட்டால் எனக்குச் சாப்பாடு இறங்குகிறது, ருசிக்கமாட்டேன் என்கிறது.

உங்கள் நாத்தனார்


பிப்ரவரி 20

மைக்குக்கு,

பேசமாட்டேன் என்றுதான் சொன்னேன், எழுதமாட்டேன் என்று சொல்லவில்லை. ஆகவே இது சபதத்தில் சேராது. "அன்புள்ள" என்று போடவில்லை, அதையும் கவனி.

நீ வாயைத் திறப்பதற்கு முன்னால் உன் காதோரம் குனிந்து என்ன சொன்னேன்? "மூச்சு விடாதே" என்றேன். தமிழ் தெரிந்த ஒருத்திக்கு இதைவிடத் தெளிவாக எப்படிச் சொல்வது? நீயும் பெரிய சமர்த்துபோலத் தலையை ஆட்டினாய். அடுத்த நிமிஷமே மொத்தத்தையும் ஒலிபரப்பிவிட்டாய்.

ஏன் ரகசியம் என்று உனக்குத் தெரியும். இந்த வீட்டில் எனக்கு "ஆரம்ப சூரி" என்று பேர். கீபோர்டு கற்க ஆரம்பித்தேன், இரண்டு கைகளையும் சேர்த்து வாசிக்கவேண்டும் என்றதும் விட்டேன். தையல் ஆரம்பித்தேன், உன் அண்ணனின் சட்டை இன்னமும் ஒரு கையோடு பீரோவில் தொங்குகிறது. கார் ஓட்டக் கற்றேன், ரிவர்ஸ் வந்ததும் நின்றுவிட்டேன். எனக்கு முன்னால் போகத் தெரியும், பின்னால் வரத் தெரியாது. இந்த ஒன்றையாவது சத்தம் போடாமல் முடித்துவிட்டு, மெடலைக் கொண்டுவந்து மேசைமேல் வைக்கலாம் என்று நினைத்தேன். நீ கெடுத்தாய். உன் அண்ணன், "எத்தனை நாளைக்கு?" என்றார். அத்தை, "ஒரு வேலையையே முடிக்கமாட்டா, மூணா?" என்றார். மேசையே சிரித்தது.

இனி முடித்தே ஆகவேண்டும். இல்லாவிட்டால் என் ஆயுசுக்கும் அந்தச் சிரிப்பு ஓயாது.

பயிற்சி கொடுக்கிறேன் என்ற நீ வேலையை மாற்றிக்கொண்டு போய்விட்டாய். பல் செட் செய்யும் எங்கள் லேபுக்கு எதிரில் புதிதாக ஒரு ஜிம் திறந்திருக்கிறார்கள். ஒருமுறை சேர்ந்தால் எந்த வகுப்புக்கும் போகலாமாம். எல்லாவற்றுக்கும் போவதாக இருக்கிறேன். நேற்று சைக்கிள் வகுப்பு. இருட்டறை, கலர் விளக்கு, காது கிழியப் பாட்டு. ஆளுக்கொரு சைக்கிள், ஒன்றும் நகராது. "மலை ஏறுங்க! மலை ஏறுங்க!" என்று அந்தப் பெண் கத்துகிறாள். மலையைக் காணோம், நாக்கு மட்டும் தள்ளியது. முடிந்ததும் எல்லோரும் இறங்கிப் போய்விட்டார்கள். என் ஷூ பெடலில் மாட்டிக்கொண்டு கழலவில்லை. அடுத்த வகுப்பு ஆட்களும் வந்துவிட்டார்கள். "நீங்க மறுபடியும் ஏறுறீங்களா மேடம்? சூப்பர்!" என்றாள் அவள். இல்லை என்று சொல்ல மூச்சு இல்லை. இன்னொரு மலை ஏறினேன்.

அண்ணி


மார்ச் 3

அண்ணி,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு மேசைமேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டேன். பக்கத்துக் கவுண்டர் ஆள், யாரோ செத்துவிட்டார்கள் என்று நினைத்தான்.

அண்ணி, அன்றைக்கு எனக்கு விக்கல்! நினைவில்லையா? முதல் வாய் சோறு எடுத்ததிலிருந்து விக்கிக்கொண்டிருந்தேன். நீங்கள் குனிந்து "மூச்சு விடாதே" என்றீர்கள். விக்கலுக்கு வைத்தியம் சொல்கிறீர்கள் என்று நினைத்தேன். அப்படியே மூச்சைப் பிடித்துக்கொண்டேன். கண் பிதுங்கும்வரை பிடித்தேன். விக்கல் நின்றது. நின்ற சந்தோஷத்தில் வாயைத் திறந்தேன், எதைச் சொல்லக்கூடாதோ அதுதான் முதலில் வந்து விழுந்தது. நீங்கள் எழுந்து கத்தும்வரை, வைத்தியம் பலித்ததற்கு உங்களுக்கு நன்றி சொல்லவேண்டும் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

இப்போது சொல்லுங்கள், இது யார் குற்றம்? என் குற்றமா, விக்கல் குற்றமா, தமிழ் குற்றமா?

மைக்


மார்ச் 14

மைக்குக்கு,

உன் விக்கல் சமாசாரத்தை லேபில் வைத்துப் படித்துத் தொலைத்தேன். சிரித்த சிரிப்பில் கையிலிருந்த பல் செட் கீழே விழுந்து, அதிலிருந்து ஒரு முன்பல் தெறித்து ஓடிவிட்டது. யாரோ ஒரு பெரியவர் மறுநாள் கல்யாணத்துக்குப் போட்டுக்கொண்டு போகவேண்டிய பல். முதலாளி முதற்கொண்டு எல்லோரும் தரையில் தவழ்ந்து தேடினோம்.

நீ ரகசியத்தைச் சொன்னதை விட்டுவிடுகிறேன். ஆனால் சிரித்தாயே, அதற்கும் விக்கல்தான் காரணமா?

பல் செட் செய்கிறவளுக்கு, நாலு பேர் சேர்ந்து சிரித்தால் முகம் தெரியாது, பல்தான் தெரியும். உன் அண்ணனின் மேல்வரிசை தெரிந்தது. அத்தையின் செட் தெரிந்தது. அடுத்து உன் கடைவாய்ப் பல்லில் நான் செய்து போட்ட கேப் தெரிந்தது. உன் பல்லின் நிறத்துக்குச் சேரவேண்டும் என்று மூன்று தடவை திரும்பச் செய்தேன் அதை. அந்தப் பல்லைக் காட்டியே என்னைப் பார்த்துச் சிரித்தாய். மற்றவர்கள் சிரித்தால் எனக்குப் பழகிவிட்டது. நீ சிரிப்பாய் என்று நான் நினைக்கவில்லை. வலித்தது.

போகட்டும், வகுப்புக் கதையைக் கேள். குத்துச்சண்டை வகுப்புக்குப் போனேன். "உங்களுக்குக் கோபம் வர்ற ஆளை மனசுல நினைச்சுக்கிட்டுக் குத்துங்க" என்றார் மாஸ்டர். உன்னை நினைத்துக்கொண்டேன். "யாரும்மா அது? பாவம், எங்கிருந்தாலும் நல்லா இருக்கட்டும்" என்றார். ஜும்பாவுக்கும் போனேன். எல்லோரும் இடப்பக்கம் போனால் நான் வலப்பக்கம். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம், என்னால் கூடத்தைக்கூடக் குறை சொல்ல முடியவில்லை, சுற்றிலும் கண்ணாடி. பக்கத்தில் ஆடிய ஒரு பாங்க் மேனேஜரின் காலை மிதித்துவிட்டேன். அவர் இப்போது கடைசி வரிசைக்குப் போய்விட்டார்.

இதெல்லாம் சிரிக்க. சிரிக்க முடியாதது நீச்சல். குளத்தின் இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவருக்குப் போவதற்குள் நெஞ்சு வெடித்துவிடும்போல் இருக்கிறது. அங்கே கம்பியைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறேன். சின்னக் குழந்தைகள் என்னைச் சுற்றிக்கொண்டு போகின்றன. ஒரு சுவருக்கே இப்படியென்றால், ஏரிக்கு எங்கே போக? முதல் வேலையே முடியாதென்றால் மற்ற இரண்டையும் யார் செய்ய விடுவார்கள்?

அண்ணி


மார்ச் 22

அண்ணி,

சிரித்தேன். தப்பு. அதற்கு என்னிடம் சமாதானம் ஒன்றும் இல்லை. நாலு பேர் சிரித்தால் கூடச் சேர்ந்துகொள்கிற புத்தி எனக்கு. உங்கள் முகத்தைப் பார்க்காமல் சிரித்துவிட்டேன். பார்த்திருந்தால் சிரித்திருக்கமாட்டேன். கண்ணாடி முன்னால் நின்று வாயைத் திறந்து அந்தப் பல்லைப் பார்த்தேன். எது உங்களுடையது, எது என்னுடையது என்று கண்டுபிடிக்க முடியவில்லை. அவ்வளவு அழகாகச் செய்திருக்கிறீர்கள்.

நீச்சலுக்கு வருவோம். உங்களுக்கு நெஞ்சு வெடிப்பது ஏன் தெரியுமா? தண்ணீருக்குள் முகம் போனதும் மூச்சைப் பிடித்து வைத்துக்கொள்கிறீர்கள். உள்ளே இருக்கிற காற்றை விட்டால்தானே புதுக்காற்றுக்கு இடம்? தலை உள்ளே இருக்கும்போதே மூச்சை விட்டுவிடவேண்டும், குமிழ் குமிழாக. இதை நான் போன வருஷமே சொன்னேன். உங்களுக்கு வரவில்லை. இப்போது ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறேன்.

தண்ணீருக்குள் முகத்தை வைத்து என்னைத் திட்டுங்கள்.

விளையாட்டில்லை அண்ணி. மூச்சை விடாமல் யாராலும் திட்ட முடியாது. வாய்விட்டுத் திட்டுங்கள். தலையைத் திருப்பிக் காற்று வாங்குங்கள். மறுபடி உள்ளே போய் விட்ட இடத்திலிருந்து திட்டுங்கள். தண்ணீருக்குள் பேசினால் சபதம் முறியாது. யார் காதிலும் விழாதே!

மைக்


மே 6

அன்புள்ள மைக்குக்கு,

"அன்புள்ள" என்று கை தானாகப் போட்டுவிட்டது. அடித்தால் அசிங்கமாக இருக்கும் என்று விட்டிருக்கிறேன்.

திட்டினேன். முதல் நாள், "ஓட்டைவாய்" என்று ஆரம்பித்தேன். குமிழ் பறந்தது. காற்று வாங்கினேன். "ஊர்வம்பு, விக்கல் பிடித்தவளே, நன்றி கெட்டவளே" என்று போனேன். நிமிர்ந்து பார்த்தால் எதிர்ச்சுவர் வந்துவிட்டது. நெஞ்சு வெடிக்கவில்லை! திரும்பினேன். உன் படிப்பு, உன் சமையல், என் கல்யாணத்தன்று என் செருப்பைப் போட்டுக்கொண்டு போனது எல்லாவற்றையும் எடுத்தேன். நிற்காமல் போய்க்கொண்டே இருந்தேன். நீச்சல் மாஸ்டர் கரையோரமாகக் கூடவே நடந்து வந்தார்.

"என்னம்மா, உள்ள யார்கூடவோ பேசுற மாதிரி இருக்கு?"

"நாத்தனார்கூட."

"சண்டையா?"

"ஆமா."

"நல்லா இருக்கு. தெனமும் போடுங்க."

தினமும் போட்டேன். ஆனால் எத்தனை திட்டுத்தான் ஒருத்தியிடம் கைவசம் இருக்கும்? ஒரு மாதத்தில் தீர்ந்துவிட்டது. நின்றால் மூழ்கிவிடுவேனே! அதனால் வேறு விஷயம் சொல்ல ஆரம்பித்தேன். லேபில் புதிதாக வந்த பெண் மேல்செட்டைக் கீழ்செட்டு என்று பெட்டி மாற்றி அனுப்பியது, அத்தையின் முட்டிவலி, உன் அண்ணன் புதுக் கண்ணாடி போட்டுக்கொண்டு என்னைப் பார்த்து, "நீ இப்படியா இருக்கே?" என்றது. இப்போது காலையில் நடப்பதையெல்லாம், இதைக் குளத்தில் மைக்கிடம் சொல்லவேண்டும் என்று எடுத்துவைக்கிறேன். உனக்கு ஒன்றும் கேட்டிருக்காது. அதுவும் நல்லதுதான், கேட்டிருந்தால் ஸ்டேஷன் முழுக்கச் சொல்லியிருப்பாய்.

குத்துச்சண்டைக்கு இனிப் போவதில்லை. மாஸ்டர் கோபப்படச் சொல்கிறார், ஆள் கிடைக்கவில்லை. மெதுவான யோகா ஒன்று இருக்கிறது, அதில் சேர்ந்திருக்கிறேன். கடைசியில் கண்ணை மூடிப் படுக்கச் சொன்னார்கள். குறட்டை விட்டுவிட்டேனாம். டீச்சர் திட்டுவாள் என்று பார்த்தால், "இவங்க ஒருத்தர்தான் சரியாப் பண்ணாங்க" என்று எல்லோரிடமும் சொன்னாள்.

அண்ணி


ஜூலை 11

அன்புள்ள அண்ணி,

உங்கள் கடிதத்தை ஏழெட்டுத் தடவை படித்துவிட்டேன். எனக்குப் பொறாமையாக இருக்கிறது. நீங்கள் பேசுவதெல்லாம் தண்ணீருக்குப் போகிறது, எனக்குப் பேப்பர்தான்.

ஆனால் ஒன்று சொல்லவேண்டும். சைக்கிள் வகுப்பு, குத்துச்சண்டை, ஜும்பா, யோகா, இப்போது ஏதோ ரப்பர்க்கயிறு வகுப்பு என்று அண்ணன் சொன்னான். அகல உழுவதைவிட ஆழ உழு என்பார்கள். நான் பாருங்கள், ஒரே குளம், ஒரே ரோடு. நாய்கள்கூட என்னைப் பார்த்துக் கொட்டாவி விடுகின்றன. சலிப்புதான், ஆனால் பிடிப்பு வருகிறது.

நேற்று காலை நீந்திவிட்டு அசதியோடு வேலைக்குப் போனேன். "இரண்டாவது பிளாட்பாரத்தில் நீந்திக்கொண்டிருக்கும் ரயில்" என்று அறிவித்துவிட்டேன். மேலதிகாரி கூப்பிட்டு, ரயிலுக்கு லைஃப் ஜாக்கெட் வேண்டுமா என்று கேட்டார்.

மைக்


செப்டம்பர் 18

அன்புள்ள மைக்குக்கு,

நான் வராமல் போனாலும் போவேன்.

ஞாயிற்றுக்கிழமை சைக்கிளில் வெகுதூரம் போய்விட்டு, வந்து இறங்கியதும் ஓடிப் பார்த்தேன். கால் என்னுடையதாக இல்லை. யாரோ இரண்டு கட்டைகளைக் கட்டிவிட்டதுபோல் இருந்தது. ஒரு பெட்டிக்கடை வாசலில் உட்கார்ந்தேன். உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை. சைக்கிளை வண்டியில் ஏற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

உன் அண்ணன் கதவைத் திறந்தார். சைக்கிளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "எத்தனை நாளைக்கு" என்றாவது கேட்பார் என்று பார்த்தேன். கேட்கவில்லை. சைக்கிளை வாங்கித் துடைத்து வைத்துவிட்டு, வெந்நீர் போட்டுத் தந்தார். எனக்கு அதுதான் பயமாகிவிட்டது. அவர் கேலி செய்தால் நான் தேறுவேன் என்று அர்த்தம். இரக்கப்பட்டால், கதை முடிந்துவிட்டது என்றுதானே?

நீ சொன்னது சரிதான், அகல உழுதேன். வாரத்துக்கு ஒன்று ஆரம்பித்தேன். ஆரம்ப சூரி வேறென்ன செய்வாள்? ஒரே ஒரு வித்தியாசம், இந்தத் தடவை விடும்போது அழுகை வருகிறது. கீபோர்டை விட்டபோது நிம்மதியாக இருந்தது.

அண்ணி


செப்டம்பர் 23

பயணிகளின் கனிவான கவனத்திற்கு,

அண்ணி எக்ஸ்பிரஸ் சற்றுத் தாமதமாக வந்துகொண்டிருக்கிறது. ரத்து செய்யப்படவில்லை.

ரத்து என்று சொல்லவேண்டியவள் நான்தான். நான் சொல்லமாட்டேன்.

பின்குறிப்பு: அகல உழுதல் பற்றி உளறியதை வாபஸ் வாங்குகிறேன். நீங்கள் விட்டுவிட்டு வந்த வகுப்பு எதையாவது வீணென்று சொல்ல முடியுமா? கால் கட்டையானால் இடுப்பை ஆட்டி ஓடுங்கள், ஜும்பா எதற்கு? கையை மடக்கி வீசுங்கள், குத்துச்சண்டை எதற்கு? ஏழு மாதமாக நீங்கள் ஒரே வேலையைத்தான் செய்திருக்கிறீர்கள், அதற்குப் பேர் மட்டும் பல.

மைக்


அக்டோபர் 20

அன்புள்ள அண்ணி,

கட்டுப்போட்ட காலைத் தலையணைமேல் வைத்துக்கொண்டு எழுதுகிறேன். நேரில் பேசியாகிவிட்டது, போனிலும் தினம் பேசுகிறோம். ஆனாலும் நீங்கள் பார்க்காத சிலது இருக்கிறது. அதை வாயால் சொன்னால் நான் அழுதுவிடுவேன்.

யானைக்கும் அடி சறுக்கும். ஓட்டத்தில் பாதி போனதும் என் பாதம் மடங்கி ஓரத்துக் கல்லில் உட்கார்ந்துவிட்டேன். ஒவ்வொருவராகத் தாண்டிப் போனார்கள். வெகுநேரம் கழித்து நீங்கள் வந்தீர்கள், இடுப்பை ஆட்டிக்கொண்டு. உங்களைப் பார்த்ததும் எனக்குப் பதற்றம். கோடு இன்னும் வரவில்லை, சபதம் உயிரோடு இருக்கிறது. நீங்கள் பேசிவிடக்கூடாதே என்று, போங்கள் போங்கள் எனக் கையால் சைகை காட்டினேன்.

நீங்கள் நின்றீர்கள். குனிந்து பார்த்தீர்கள்.

"வீங்கியிருக்கு. லேஸைத் தளர்த்து."

எட்டு மாதத்துக்குப் பிறகு அதுதான் முதல் வார்த்தை! "அண்ணி, பேசிட்டீங்க!" என்று கத்தினேன். "ஆமா, பேசிட்டேன். காலை நீட்டு" என்றீர்கள். "நேரம் போகுது, ஓடுங்க" என்று நான் கெஞ்சினேன். நீங்கள் என் பக்கத்தில் உட்கார்ந்து காலை மடியில் எடுத்து வைத்துக்கொண்டீர்கள். முதலுதவி வண்டி வந்து என்னை ஏற்றும்வரை நகரவில்லை.

அந்த வண்டி என்னை உங்களுக்கு முன்னாலேயே முடிவுக்கோட்டில் கொண்டுபோய் விட்டது. அதனால்தான் நான் பார்த்தேன். அண்ணன் வருகிற ஒவ்வொருவரையும் நிறுத்தி, "பின்னாடி ஒரு அம்மா வந்துக்கிட்டிருந்தாங்களா? நீலத் தொப்பி?" என்று கேட்டுக்கொண்டிருந்தான். மூச்சிரைக்க வருகிறவர்களிடம்! ஒருவர் பதிலுக்கு அவன் மேலேயே சாய்ந்துவிட்டார். பந்தயம் முடிகிற நேரம் நெருங்க நெருங்கக் கூட்டம் கலைந்தது. ஒரு ஆள் ஏணியைக் கொண்டுவந்து முடிவு வளைவின் பலூன்களை அவிழ்க்க ஆரம்பித்தான். அம்மா துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு போய் ஏணியைப் பிடித்தாள்.

"எங்க மருமக இன்னும் வரல. அதுக்குள்ள எதைக் கழட்டுற?"

"இனிமே யாரும் வரமாட்டாங்கம்மா."

"வருவா. ஆரம்பிச்சிருக்கால்ல? வருவா. நீ எறங்கு."

அவன் இறங்கினான். அம்மா ஏணியை விடவில்லை. கொஞ்ச நேரத்தில் ரோட்டுத் திருப்பத்தில் நீலத் தொப்பி தெரிந்தது. அண்ணன் இரண்டு கைகளையும் தூக்கி ஆட்டினான் அண்ணி. நான்தான் கத்தினேன், அதற்குத்தானே என்னைப் பெற்றிருக்கிறார்கள்.

நான் முடிக்கவில்லை. அதற்காக இரண்டு நாள் அழுதேன், மறைக்கமாட்டேன். ஆனால் நீங்கள் கோட்டைத் தாண்டியபோது, எனக்கு என் கால் வலித்ததே தெரியவில்லை.

மைக்


அக்டோபர் 29

அன்புள்ள மைக்குக்கு,

அத்தை ஏணியைப் பிடித்த கதையை உன் கடிதத்தில்தான் தெரிந்துகொண்டேன். கேட்டால், "வெயிலுக்குப் பிடிமானமாப் பிடிச்சேன்" என்கிறார். நான் நம்புவதுபோல் தலையாட்டினேன். பிறகு சமையலறையில் போய் நன்றாக அழுதேன். சந்தோஷ அழுகைதான், பயப்படாதே.

கால் தேறியதும் இங்கே வா. நீச்சல் மாஸ்டர் உன்னைப் பார்க்கவேண்டுமாம். எத்தனையோ பேருக்கு நீச்சல் சொல்லிக்கொடுத்திருக்கிறாராம், இப்படி ஒரு நாத்தனார் யாருக்கும் வாய்த்ததில்லையாம். அடுத்த வருஷத்துக்கு உனக்கும் எனக்கும் பேர் கொடுத்துவிட்டேன். இதை நீ யாரிடம் வேண்டுமானாலும் சொல்லலாம். ஸ்டேஷனில் வேண்டுமானாலும் அறிவி.

மெடலை மேசைமேல் வைத்தேன். உன் அண்ணன் அதை எடுத்து, திருப்பி, எடை பார்த்து, துடைத்து வைத்தார். அவரால் சும்மா இருக்க முடியுமா? சாப்பிட உட்கார்ந்ததும் ஆரம்பித்தார்.

"எல்லாம் சரி. கோட்டைத் தாண்டுற வரைக்கும் மைக்கோட பேசமாட்டேன்னு சபதம் போட்டியே. நடுரோட்டுல உக்காந்து பேசிட்டு வந்திருக்கே. அதையும் பாதியில விட்டுட்டியா?"

அத்தை சிரித்தார். உன் அண்ணனும் சிரித்தார். நான் இருவரையும்விடச் சத்தமாகச் சிரித்தேன்.

"ஆமா, விட்டுட்டேன்" என்றேன். "நீந்தினேன், மிதிச்சேன், ஓடினேன். அவகூடப் பேசாம இருக்கத்தான் எனக்குத் தெம்பு பத்தல."

உன் அண்ணி